மேட்டில் புல், மடிப்பில் சோலை: நீலகிரி உச்சிக் காட்டில் என்னென்ன வாழ்கிறது?

நீங்கள் கேட்டவை மூன்று கேள்விகள். ஊட்டியில் பைன் காட்டுக்குள் அரை மணி நேரம் நின்றும் ஒரு குருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லையே, ஏன்? அவலாஞ்சி போகும் வழியில் மேடெல்லாம் வெறும் புல்லாகவும், பள்ளத்தில் மட்டும் கருப்பாக ஒரு காடும் தெரிந்ததே, மீதி இடத்தில் ஏன் மரம் நடாமல் விட்டிருக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு உண்மையான மலைக்காட்டையும் அதில் வாழ்கிறவற்றையும் எங்கே காட்டலாம்?

நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. நான் கோத்தகிரிப் பக்கம் வளர்ந்தவன். பல வருடங்களாகச் சோலை மரக்கன்று வளர்க்கும் நாற்றங்காலில் வேலை செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தில் நீங்கள் பார்த்த அந்தக் கருப்புக் காடுதான் சோலை. மேட்டில் பார்த்த புல்லும் இந்த மலையின் இயற்கைதான். யாரும் வெட்டி மொட்டையடித்ததால் வந்த வெற்றிடம் என்று நினைத்துவிட வேண்டாம். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மேகமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேல் போனால் இந்த இரண்டும் ஜோடியாகவே இருக்கும். மலை மடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில் சோலை. முதுகிலும் தோளிலும் புல்வெளி. தமிழில் சோலை என்றால் பூஞ்சோலை, மாஞ்சோலை என்று எதை வேண்டுமானாலும் சொல்வோம். ஆனால் உலகத்தின் காட்டியல் புத்தகங்களில் ‘ஷோலா’ என்றால் இந்த ஒரு வகைக் காடுதான். நம் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, மேட்டில் ஏன் மரம் வளரவில்லை? ஜனவரி மாதம் விடியற்காலை ஆறு மணிக்கு எங்கள் பக்கத்துப் புல்வெளி ஒன்றில் வந்து நில்லுங்கள். ஒவ்வொரு புல் நுனியிலும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். மிதித்தால் காலடியில் நொறுநொறுவென்று உடையும். அங்கிருந்து இருபதடி நடந்து சோலைக்குள் காலை வைத்தால் தரையில் ஒரு பொட்டு வெள்ளை இருக்காது. இலைச் சருகு ஈரமாக, மெத்தென்று இருக்கும். மேகமில்லாத இரவில் திறந்த நிலம் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. சோலைக்குள் இலைக்கூரை அந்தச் சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு பறவையின் எச்சத்தோடு நாவல் விதை புல்வெளியில் விழுந்து முளைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உறைபனியிலேயே அந்தக் கன்று கருகிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை கிடையாது. அதன் குருத்து மண்ணை ஒட்டி, பழைய தாள்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். தீ வந்துபோனாலும் அப்படியே. உறைபனியின் வேலை எங்கள் ஊரில் தேயிலை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் வந்தாலே தாகை என்ற செடியை வெட்டிக்கொண்டு வந்து தேயிலைச் செடி மேல் போர்த்துவார்கள்.

உறைபனியோடு காற்றும் உண்டு, மண்ணின் ஆழமும் உண்டு. மேட்டில் மண் மெல்லியது, கீழே பாறை. மடிப்பில்தான் மண் சேர்கிறது, ஈரம் நிற்கிறது. மரம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டது.

இந்தப் புல்வெளி மனிதன் காட்டை எரித்ததால் வந்தது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். ஊட்டிக்கு அருகில் சாண்டிநல்லா போன்ற இடங்களில் சதுப்பு நிலங்கள் உண்டு. அங்கே செத்த செடி முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகக் கருப்புக் கரிமண்ணாகப் படிந்திருக்கும். இங்குள்ள புல்லில் பெரும்பகுதி காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை வேறு, மரம் எடுத்துக்கொள்ளும் முறை வேறு. அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான வருடங்கள் கழித்தும் அந்த மண்ணில் அப்படியே பதிந்திருக்கிறது. அதை அளந்து ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி பரந்திருந்தது, வறண்ட காலத்தில் புல் விரிந்தது, மழை கூடிய காலத்தில் மரங்கள் விரிந்தன என்பது அதிலிருந்து தெரிந்தது. நம் விவசாயத்தைவிட மூத்தது அந்தப் புல்.

இனி சோலைக்குள் போவோம்.

முதலில் கண்ணில் படுவது மரத்தின் குள்ளம். கீழ்மலைக் காட்டைப்போல நூறடி மரங்கள் இங்கே கிடையாது. பெரும்பாலும் நாற்பது, ஐம்பதடிதான். தண்டு முறுக்கிக்கொண்டு, கிளை வளைந்து, உச்சி குடைபோல விரிந்து அடுத்த மரத்தின் குடையோடு ஒட்டி நிற்கும். காற்று மேலே வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே வராது. இலைகள் சின்னதாக, தடித்து, தோல் மாதிரி இருக்கும். நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், காட்டு இலவங்கம், விக்கி மரம் என்று கொஞ்ச இடத்துக்குள்ளேயே பல வகை நிற்கும். கோடை தொடங்கும்போது புதுத் துளிர் விடும். அந்தத் துளிர் பச்சையாக வராது. நாவலில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் செக்கச் சிவப்பு, வேறொன்றில் செம்பு நிறம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் காடே பூத்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்தச் சிவப்பு நிறமி இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது. இலை முற்ற முற்றப் பச்சையாகும்.

அப்புறம் பாசி. ஒரு நாவல் மரத்தின் தண்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பட்டை கையில் படாது. விரல் அரை அங்குலம் பாசிக்குள் அமிழும், எடுத்தால் கை நனைந்திருக்கும். மழை பெய்யாத நாளில்கூட. மூடுபனி வந்து மோதும்போது பாசியும், கிளையில் தாடிபோலத் தொங்கும் மரப்பாசியும் அந்த ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தப் பாசியில்தான் ஆர்க்கிட் வேர் விடுகிறது, பெரணி முளைக்கிறது, காசித்தும்பையின் காட்டு உறவுகள் சில பூக்கின்றன. ஒரே மரத்தின் மேல் இன்னொரு தோட்டம். ஓடை ஓரத்தில் மரப்பெரணி நிற்கும். பனைமரத்தைக் குட்டையாக்கிப் பெரணி இலையை வைத்த மாதிரி ஒரு தோற்றம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அவ்வளவு பழைய குலத்தைச் சேர்ந்த செடி, டைனோசர்களுக்கு முன்பே அதன் முன்னோர்கள் இருந்தார்கள்.

சோலையின் விளிம்பில் புல்லும் மரமும் சந்திக்கும் இடம் தனி உலகம். தவிட்டுப்பழம் அங்கேதான். இளஞ்சிவப்புப் பூ, ஊதாக் கருப்புப் பழம், நாக்கெல்லாம் நீலமாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சட்டைப்பை கறையாகி நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அந்த விளிம்பிலும் புல்வெளியின் நடுவிலும் தனியாகத் துணிந்து நிற்கும் மரம் ஒன்று உண்டு, காட்டுப்பூவரசு. தடித்த பட்டை, தீயைத் தாங்கும். ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ரோடோடென்ட்ரான் என்று சொன்னால் இமயமலை போனவர்களுக்குத் தெரியும். இதன் நெருங்கிய சொந்தங்கள் பல அங்கேதான், நடுவே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. உலகம் குளிராக இருந்த காலத்தில் தெற்கே வந்து, வெப்பம் திரும்பியபோது மலையுச்சியில் ஒதுங்கிக்கொண்டது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

அந்த ஒதுங்கல்தான் இந்த மலைகளின் எல்லாக் கதைக்கும் அடிப்படை. ஒவ்வொரு மலையுச்சியும் வெப்பமான சமவெளிக் கடலில் ஒரு தீவு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, ரயிலும் கோவைக்காரர்களுக்குத் தென்மேற்குக் காற்றும் வருகிற அதே வழி, சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். சோலைத் தரையில் தத்தித் திரியும் ஒரு சின்ன நீலப் பறவைக்கு அது கடக்கவே முடியாத தூரம். அதனால் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வெள்ளை வயிறோடு வேறு இனம். வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் மரபணுவைப் பார்த்து, இவை மற்ற எந்தப் பேரினத்தோடும் சேராத தனிப் பேரினம் என்று 2017இல் அறிவித்தார்கள். வைத்த பெயர் ‘ஷோலிகோலா’, அதாவது சோலைவாசி. நம்முடைய சோலை ஒரு பறவையின் அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்தது எனக்கு இன்றும் சந்தோஷமான விஷயம்.

அந்தப் பறவையைப் பார்க்க ஓடக் கூடாது. சோலைக்குள் ஓர் ஓடை ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு கருஞ்சிவப்பு ஈப்பிடிப்பான் தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும். ஆரஞ்சுத் தோலை உரித்து வைத்த நிறம், மேலே கருப்பு. ஆள் இருப்பதைக் கண்டுகொள்ளவே செய்யாது. நீலகிரி சிரிப்பான்கள் புதருக்குள் கூட்டமாகப் பழம் தேடிக்கொண்டு, பெயருக்கேற்றபடி சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். ஓடைப் பாறையிலிருந்து சீகாரப் பூங்குயில் விசிலடிக்கும். பையன் யாரோ பாட்டு மறந்துபோய் மெட்டை மட்டும் இழுக்கிற மாதிரி இருக்கும். மேலே நீலகிரிக் காட்டுப்புறா சிறகடிக்கும். இந்தப் புறாவை நான் தனியாகச் சொல்ல வேண்டும். பழத்தை முழுசாக விழுங்கி, கொட்டையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது இதுதான். என் வேலையை எனக்கு முன்பிருந்தே செய்துகொண்டிருக்கிறது. இரவில் இதே வேலையைப் பழுப்பு மரநாய் செய்கிறது.

பாலூட்டிகளில் முதலில் சொல்ல வேண்டியது கருமந்தி. பளபளவென்ற கருப்பு உடம்பு, தலையில் மட்டும் பழுப்பு. மருந்து என்ற பெயரில் ஒரு காலத்தில் இதை மிக மோசமாக வேட்டையாடினார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மெல்ல மீண்டிருக்கிறது. விடிகாலையில் ஆண் கருமந்தி ‘ஹூ ஹூ’ என்று கொடுக்கும் குரல் பள்ளத்தாக்கின் மறுகரைக்குக் கேட்கும். கடமானும் காட்டெருமையும் பகலில் சோலையில் படுத்துவிட்டு மாலையில் புல்லுக்கு வரும். பின்னாலேயே செந்நாய், சிறுத்தை, முக்குருத்தி தேசியப் பூங்காப் பக்கம் புலியும் உண்டு. மஞ்சள் கழுத்தோடு மரத்துக்கு மரம் ஓடும், கீரி போன்ற நீலகிரி மார்ட்டனை இத்தனை வருடத்தில் நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் மொத்தமாக ஐந்து விநாடி இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சிங்கவால் குரங்குக்குச் சோலைமந்தி என்று பெயர் இருப்பதால், ஊட்டிச் சோலையில் அதைப் பார்க்கலாம் என்று பலர் தேடுகிறார்கள். அது வாழ்வது பெரும்பாலும் கீழே, வால்பாறை போன்ற இடங்களின் மழைக்காட்டில். அதற்குப் பிடித்த வெடிப்பலா மரம் எங்கள் உயரத்துக்கு ஏறி வருவதில்லை. பிள்ளைகள் அதைப் பார்க்க ஆசைப்பட்டால் வால்பாறைக்குத்தான் போக வேண்டும்.

தவளையைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஜூன் மாதம் மழை பிடித்ததும் இருட்டிய பிறகு சோலையோரம் நின்றால் நாலா பக்கமும் ‘டிக்… டிக்… டிக்’ என்று கேட்கும். பூச்சி என்று நினைப்பீர்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய புதர்த்தவளைகள் அவை. குளத்தில் முட்டை, தலைப்பிரட்டை, வால் சுருங்கித் தவளை என்று பள்ளியில் படித்தோமே, இவற்றுக்கு அது எதுவும் கிடையாது. ஈரமான சருகிலோ மண்ணிலோ இலை மேலோ முட்டை இடும். முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, கடுகளவு முழுத்தவளையாகவே வெளியே குதிக்கும். குளமே வேண்டாம், ஆனால் காற்றில் ஈரம் குறையவே கூடாது. அதனால்தான் ஒரு சோலையை நடுவே சாலை போட்டுப் பிளந்தால் மரம் நிற்கும், தவளை போய்விடும். இதில் ஓர் இனம் மரத்தில் ஏறாமல் நீலகிரிப் புல்வெளியில், புல் தூருக்குள் உட்கார்ந்துகொண்டு மணி தட்டுகிற மாதிரிக் கத்தும். ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் 1853இல் அதை விவரித்தபோது லத்தீனில் ‘டின்னியன்ஸ்’ என்று பெயர் வைத்தார். ஒலிக்கிறது என்று பொருள்.

இப்போது புல்வெளி. எனக்குச் சோலையைவிடப் புல்வெளி மேல்தான் கவலை அதிகம், ஏனென்றால் அதற்குப் பரிந்து பேச ஆள் குறைவு.

வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, சங்கப் பாட்டில் வருடை என்று வருவது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியைத் தவிர வேறெங்கும் கிடையாது. இமயமலைத் தார் ஆட்டின் தம்பி என்றுதான் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். மரபணு பார்த்தபோது செம்மறி இனத்துக்கு நெருக்கம் என்று தெரிந்து, 2005இல் தனிப் பேரினமாக்கினார்கள். காலையும் மாலையும் புல் மேயும், நடுப்பகலில் செங்குத்துப் பாறையில் போய் அசைபோடும். செந்நாய் வந்தால் பாறை விளிம்புக்கு ஓடி நின்றுகொள்ளும். அங்கே அதைத் தொட எதுவாலும் முடியாது. ஆக அதற்கு வேண்டியது இரண்டே இரண்டு, புல்லும் பாறையும். ஒருமுறை முக்குருத்திப் பக்கம் பனி விலகியபோது முப்பதடியில் ஒரு முதிர்ந்த கடா நின்றிருந்தது. கரும்பழுப்பு உடம்பில் முதுகின் மேல் மட்டும் சேணம் போட்டதுபோல் சாம்பல் வெள்ளைத் திட்டு, முன்காலின் முட்டியில் மயிர் தேய்ந்து வழுக்கையாக, தடித்த தோல். பாறையில் மண்டியிட்டு மண்டியிட்டுத் தேய்ந்த காய்ப்பு அது. என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் புல்லை மென்று முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது. 2025 ஏப்ரலில் இரு மாநிலமும் சேர்ந்து கணக்கெடுத்தபோது தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 இருந்தன. அவ்வளவுதான், ஒரு பெரிய கல்யாணக் கூட்டத்தில் அடங்கிவிடுகிற எண்ணிக்கை. தமிழ்நாடு அரசு 2022இல் வரையாடு திட்டத்துக்கு 25.14 கோடி ரூபாய் ஒதுக்கியது. 1975இல் இந்த ஆட்டை முதன்முதலாக முறையாகக் கணக்கெடுத்தவர்களில் ஒருவரான இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஐ வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது.

நீலகிரி நெட்டைக்காலி என்ற பழுப்புக் குருவியும் அப்படித்தான். புல்வெளியில் நடந்து, புல்லடியில் கூடு கட்டும். மரம் வந்தால் இடத்தைக் காலி செய்துவிடும். புல்லுக்குள் குனிந்து பார்த்தால் அழுகண்ணி இருக்கும். விரலளவு செடி, இலை முழுக்கப் பனித்துளி மாதிரி பசை. கொசு உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், இலை மெல்லச் சுருண்டு தின்றுவிடும். மண்ணில் சத்துக் குறைவு, அதனால் இந்த ஏற்பாடு.

குறிஞ்சியைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். நீலக்குறிஞ்சியும் புல்வெளிச் செடிதான். மழைக்காட்டில் தேடினால் கிடைக்காது. 12 வருடம் இலையும் தண்டுமாகப் புதராக நின்று, ஒரே வருடம் மலைச்சரிவு முழுக்கச் சேர்ந்து பூத்து, விதை போட்டு, மொத்தமாகச் செத்துவிடும். மலையாய் விதை குவிவதால் தின்ன வருகிறவை தின்று தீர்க்க முடியாமல் மிச்சம் முளைக்கிறது என்பது ஒரு விளக்கம். பெரும் பூப்பு 2006இல், பிறகு 2018இல். அடுத்தது 2030. நடுநடுவே ‘குறிஞ்சி பூத்தது’ என்று செய்தி வருமே, அதுவும் பொய்யில்லை. குறிஞ்சிக் குடும்பத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சிலது வருடா வருடம், சிலது ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நீலக்குறிஞ்சியிலேயே ஒரு மலைச்சரிவின் கணக்கும் பக்கத்துச் சரிவின் கணக்கும் வேறாக இருப்பதுண்டு. 2030இல் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். பறித்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ஒரு கொத்தைப் பறித்தால் அந்தச் செடியின் 12 வருட வேலை வீண்.

புல்வெளியின் அடியில், இரண்டு மேடுகள் சேரும் தாழ்வில் சதுப்பு இருக்கும். பவானி, பைக்காரா எல்லாம் இப்படிப்பட்ட ஈரத்திலிருந்துதான் சொட்டுச் சொட்டாகத் தொடங்குகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிக் கொட்டுகிற மழையில் ஒரு பகுதியையாவது பிடித்து வைத்துக் கோடையில் விடுவது இந்தப் புல்வேரும், சோலைச் சருகும், சதுப்பின் கரிமண்ணும்தான். நீலகிரிப் பழங்குடியான தோடர்கள் தங்கள் கோயிலைக் கூரை வேயச் சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லைத்தான் எடுப்பார்கள், வேறு புல் ஆகாது. நீலகிரிக்கே உரிய புல் அது. சதுப்பு சுருங்கச் சுருங்க அதைத் தேடி அவர்கள் ‘மந்து’ எனப்படும் தங்கள் குடியிருப்பிலிருந்து வெகு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் பைன் காடு. ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு விறகு வேண்டும். சோலையை வெட்டிப் பார்த்தார்கள், அது மறுபடி வளரச் சோம்பியது. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும், ‘வாட்டில்’ எனப்படும் சீகை மரத்தையும் கொண்டுவந்து ‘வெற்றிடமாக’ கிடந்த புல்லில் நட்டார்கள். சமவெளியில் தைலமரம், யூகலிப்டஸ் என்பதைத்தான் எங்கள் பக்கம் கற்பூர மரம் என்போம். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே பெரிய அளவில் செய்தோம். சீகைப் பட்டை தோல் பதனிட, கற்பூர மரம் செயற்கைப் பட்டு ஆலைக் கூழுக்கு. பைனும் அந்த வரிசையில் வந்ததுதான். இங்கே நட்டதில் முக்கியமான இனம் மெக்சிகோவுடையது. அதன் ஊசி இலை விரிப்பு மாதிரி தரையை மூடுகிறது, சீக்கிரம் மக்காது, அடியில் செடி முளைக்க விடாது. பைன் காற்றில் மகரந்தம் தூவுகிற மரம், தேன் கிடையாது. சதைப்பழம் கிடையாது. பூச்சி குறைவு. பறவை அங்கே எதற்கு வரும்? நீங்கள் கேட்ட அமைதிக்குக் காரணம் அதுதான்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நீலகிரியில் உள்ள கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து ஓடைப் படுகைகள் இரண்டை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாகவே விட்டு, இன்னொன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டு மண்வள ஆய்வாளர்கள் பல வருடம் அளந்தார்கள். நட்ட படுகையில் ஓடைநீர் முதல் பத்தாண்டில் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு தூரிலிருந்து துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம் குறைந்தது. கோடையில் ஓடும் கொஞ்சத் தண்ணீரில்தான் அடி அதிகம் விழுந்தது.

நட்டதோடு நிற்கவில்லை என்பதுதான் பெரிய துயரம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் ஆயிரக்கணக்கில் கிளம்பி வரும். உறைபனியைத் தாங்கும் என்பதால் நம் நாவல் போக முடியாத மேட்டுக்கெல்லாம் அது போய்விட்டது. 1973க்கும் 2017க்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளியில் 340 சதுர கிலோமீட்டரை, அதாவது 23 சதவீதத்தை, இந்த அந்நிய மரங்கள் விழுங்கிவிட்டன என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. பழனிமலையில் இன்னும் மோசம், நாற்பது வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. நான் பள்ளியில் படித்தபோது எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புல்மேட்டில் சீகைக் கன்று நடவைத்தார்கள். நல்ல காரியம் செய்தோம் என்று சாயங்காலம் வீடு வரை பாடிக்கொண்டே வந்தோம். அந்த மேடு இன்று முழுக்கச் சீகைக்காடு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கனக்கும். அதனால்தான் ‘ஏன் மரம் நடாமல் விட்டிருக்கிறார்கள்’ என்ற உங்கள் கேள்வியைப் படித்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து அந்தப் புல்லில் யாரும் எந்த மரமும் நட வேண்டாம், நாட்டு மரம்கூட வேண்டாம்.

அப்படியானால் அந்நிய மரத்தையெல்லாம் ஒரே நாளில் வெட்டிவிடலாமா? கூடாது. கொடைக்கானல் பக்கம் பழைய சீகை, பைன் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வளர்ந்திருப்பதை வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் பல வருடம் முன்பே கவனித்துச் சொன்னார்கள். அந்த நிழல் உறைபனியிலிருந்து காக்கிறது. அப்படிப்பட்ட இடத்தை முரட்டுத்தனமாக வெட்டினால் கன்றும் போகும், சீகையே திரும்ப வரும். புல்வெளியில் புதிதாகப் பரவுகிற இளஞ்சீகையை வேரோடு பிடுங்குவதுதான் முதல் வேலை. பிறகு வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் முளைப்பதைப் பிடுங்க வேண்டும். இடையில் நாட்டுப் புல்லின் தூரைப் பிரித்து நட வேண்டும். ஒரு பெரிய தூரைத் தோண்டி எடுத்து, வேர் அறுபடாமல் நாலைந்து கீற்றாகப் பிரித்து, அரையடி இடைவெளியில் ஊன்றுவோம். மழைக்கு முன்னால் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். நாற்றங்காலில் மரக்கன்றுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள், புல்லுக்கு அதைவிட வேண்டும்.

கடைசியாக, எங்கே காட்டலாம் என்று கேட்டீர்கள். சோலைக்கு என் முதல் தேர்வு கோத்தகிரியில் இருக்கும் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். சோலையும் புல்லும் சேர்ந்து தெரிய வேண்டுமானால் அவலாஞ்சி, அங்கே வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். கொடைக்கானலில் பேரிஜம் ஏரிப் பாதை, அதற்கும் அனுமதி வேண்டும். மதிகெட்டான் சோலை அந்தப் பக்கம்தான். உள்ளே போனவர் திசை தெரியாமல் மதிகெட்டுத் திரிவார் என்று பெயர், ஆகவே சாலையிலிருந்தே பாருங்கள். வரையாட்டைக் கிட்டத்தில் பார்க்க மூணாறுக்கு மேலே இரவிகுளத்தின் ராஜமலை நிச்சயமான இடம். குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள், அதற்கேற்றபடி திட்டமிடுங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை போனால் சோலைக்குள் அட்டை இருக்கும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம். அதன் மெல்லிய முனையில்தான் வாய் இருக்கும், அந்தப் பக்கம் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.